துணியைத் திருப்பிப் பாருங்கள்



சென்ற கோடையில் நம் சம்பந்தி வீட்டார் குடும்பத்தோடு ஊட்டி மலர்க் கண்காட்சிக்குப் போய் வந்தார்கள். வழக்கம்போல வர்க்கியும் தைலமும் வந்தன. அவற்றோடு நமக்கென்று தனியாக ஒரு போர்வையும் வந்தது. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக வேலைப்பாடு. "அசல் தோடர் போர்வை சம்பந்தி. எழுநூறு சொன்னான், பேசி அறுநூறுக்கு முடிச்சோம்" என்று பெருமையோடு கையில் கொடுத்தார். ஜவுளிக்காரன் கைக்குத் துணி வந்தால் முதலில் என்ன செய்வானோ அதையே நாமும் செய்தோம். திருப்பிப் பார்த்தோம். பின்பக்கம் வெறும் வெள்ளை. சாயம் அங்கங்கே லேசாகக் கசிந்திருந்ததே தவிர, ஓர் இழைகூடத் தைத்ததாக இல்லை. முழுக்கப் பிரிண்ட்.

சம்பந்தியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்போடு வாங்கி வந்த பொருளைக் குறை சொல்வது முறையல்ல. ஆனால் இரவு கடை கட்டி வந்த பிறகு அந்தப் போர்வையை விளக்கடியில் விரித்துக் கரையைப் பார்த்தோம். தூக்கிவாரிப் போட்டது. கரையோரமாக ஒற்றைப் பச்சை இழை ஓடிக்கொண்டிருந்தது. விசைத்தறிக்குப் பாவு கொடுக்கும்போது நம் சரக்கு என்று அடையாளம் தெரிவதற்காக நம் கடை பல வருடங்களாகப் போடச் சொல்லும் இழை அது. துணி நம் கிடங்கிலிருந்து காடாவாகப் போயிருக்கிறது. யாரோ வாங்கி, யாரோ வெளுத்து, யாரோ அச்சடித்து, மலை மேல் ஏறி, 'அசல் தோடர்' என்ற பெயரோடு நம் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டது.

அதனால்தான் இதை எழுதுகிறோம். மற்றவர்கள் பேரில் குற்றம் சொல்லும் கட்டுரை அல்ல இது.

அசல் எது என்று தெரிந்தால்தான் போலியின் பாரம் தெரியும் என்பதால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறோம். நீலகிரியில் தோடர்கள் மொத்தமே இரண்டாயிரம் பேருக்குள்தான். எருமை வளர்ப்பவர்கள். அவர்களுடைய குடியிருப்புக்கு மந்து என்று பெயர். ஊட்டியைச் சுற்றிலும் புல்வெளி மேடுகளில், பள்ளத்தில் கிடக்கும் சோலைக் காட்டை ஒட்டி இந்த மந்துகள் இருக்கும். ஆணும் பெண்ணும் போர்த்துக்கொள்ளும் போர்வையைப் பூத்துக்குளி என்கிறார்கள். சுமார் 9 அடி நீளம் இருக்கும். அதன் மேல் பெண்கள் போடும் ஊசி வேலைக்கு அவர்கள் மொழியில் புகூர் என்று பெயர். ஆண்டுதோறும் மார்கழி, தை வாக்கில் முத்தநாடு மந்தில் நடக்கும் மொற்பர்த் விழாப் படத்தைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். ஆடவர் ஆடும்போது தோளில் தெரிவது அந்தப் போர்வைதான். விழாவுக்கு மட்டுமல்ல, இறந்தவர்களையும் வேலைப்பாடு மிகுந்த போர்வையில் சுற்றித்தான் அனுப்புகிறார்கள். பிறந்தநாள் பரிசாக நாம் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் அயிட்டத்துக்கு அவர்கள் வீட்டில் இருக்கும் மரியாதை இப்படிப்பட்டது.

இந்த வேலைக்குப் பென்சில் கோடு கிடையாது, டிரேசிங் தாள் கிடையாது, அச்சுக்கட்டை கிடையாது. பாவு இழையையும் ஊடை இழையையும் எண்ணி எண்ணி ஊசியை நுழைக்க வேண்டும். இத்தனை இழை விட்டு இத்தனை இழை எடுக்க வேண்டும் என்பது கண்ணிலும் விரலிலும் இருக்கிறது. எருமைக் கொம்பு, மலை முகடு, சூரியன், நட்சத்திரம், பாம்பு, ஓரத்தில் வரிசையாக முயல் காது என்று தாங்கள் மேய்ச்சலுக்குப் போன காட்டில் கண்டதைத்தான் போடுகிறார்கள். எண்ணிப் போடுவதால் வளைவு வராது. வட்டமான சூரியன்கூடப் படிப்படியாக, நேர்கோடாகத்தான் வரும். முதலில் பார்க்கும்போது வெறும் கட்டங்களாகத் தெரியும். ஒருவர் பக்கத்தில் இருந்து சொன்ன பிறகு கொம்பைக் கொம்பாகவே தவிர வேறு விதமாகப் பார்க்க முடியாது.

இன்னொரு விஷயம். வேலை துணியின் இரண்டு பக்கமும் தெரியும். ஒரு பக்கம் மழமழப்பாகவும், ஊசி திரும்பும்போது நூலைக் கொஞ்சம் தளர்த்தி விடுவதால் மறுபக்கம் சற்று முரடாக, எழும்பினாற்போலவும் இருக்கும். நாம் மழமழப்பான பக்கத்தைத்தான் நல்ல பக்கம் என்போம். அவர்கள் முரட்டுப் பக்கத்தை வெளியே காட்டிப் போர்த்துவார்கள். நாற்பது வருடமாகத் துணியை நல்ல பக்கம், கெட்ட பக்கம் என்று பிரித்த நமக்கு இது ஒரு பாடமாகத்தான் இருந்தது.

அவர்கள் நெசவு செய்பவர்கள் அல்லர். துணி என்றும் கீழ்நாட்டிலிருந்துதான் மேலே போயிருக்கிறது. அந்த வழியில்தான் ஈரோட்டில் இருக்கும் நமக்கு இந்த விவகாரத்தில் ஒட்டுறவு. நாம் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவின் கடையில் உட்கார்ந்த காலத்தில், ஊட்டியில் ஒரு சில்லறைக் கடைக்காரர் மாதம் தவறாமல் முரட்டு வெள்ளைத் துணி, நம் வியாபாரத்தில் மேட்டி என்போமே, அதில் ஒரு பேல் எடுத்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று நாமும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பாக்கி ஒழுங்காக வந்தால் போதும் என்பதுதான் அன்றைய நம் அறிவு.

1988 ஆம் ஆண்டு வசூலுக்காக மேலே போனபோது அவர் கடையில் ஓர் அம்மாள் நமக்காகவே காத்திருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நெற்றியின் இரு பக்கமும் சுருள் சுருளாக முடி, தோளில் போர்வை. கடைக்காரர் நம்மைக் காட்டி "துணி கொடுக்கிறவர் இவர்தான்" என்றார். அம்மாள் வணக்கம்கூடச் சொல்லவில்லை. பையிலிருந்து பாதி தைத்த இரண்டு துணிகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"தம்பி, உன் துணியிலே என் எருமை நெட்டையாப் போச்சு. பாரு" என்றார்.

பார்த்தோம். பழைய துணியில் அகலமாகப் படர்ந்திருந்த கொம்பு, புதுத் துணியில் இழுத்து விட்டாற்போல் உயரமாக நின்றது. "அம்மா, நீங்க தைச்சதிலே ஏதாவது..." என்று ஆரம்பித்ததுதான் தாமதம், ஊசியை நம் கையில் கொடுத்து "எண்ணு" என்றார். பிக் கிளாஸ் பையிலேயே இருந்தது. எண்ணினோம். பாவு இழை சரியாக இருந்தது. ஊடையில் அங்குலத்துக்கு நான்கு குறைந்திருந்தது. நெசவு தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. அவர் எண்ணுவது இழையை. நாம் ஊடையை நெருக்காமல் விட்டால், அதே எண்ணிக்கை அதிக நீளத்தைப் பிடித்துக்கொள்ளும். கொம்பு நீளாமல் என்ன செய்யும்?

அந்தக் குறை தறிக்காரர் செய்த தவறு என்று அன்று சொல்லிவிட்டு வந்தோம். உண்மை அதுவல்ல. நூல் விலை ஏறியிருந்த சமயம், இரண்டு பிக் குறைத்துப் போடு என்று சொன்னது நாம்தான். அவர் தன் பங்குக்கு இன்னும் இரண்டு குறைத்துக்கொண்டார். 9 அடிப் போர்வை என்றால் 108 அங்குலம், அங்குலத்துக்கு நான்கு என்றால் 432 ஊடை. ஒரு போர்வையில் அவ்வளவு நூல் மிச்சம் பிடித்தோம். லுங்கியிலோ படுக்கை விரிப்பிலோ யாரும் கண்டுபிடிக்காத மிச்சம் அது. பள்ளிக்கூடம் போகாத ஒரு கிழவியின் விரல் நுனியில் அகப்பட்டுக்கொண்டது. அடுத்த மாதத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் மேட்டிக்கு மட்டும் தனிப் பாவு, பாவிலும் ஊடையிலும் ஒரே எண்ணிக்கை என்று ஏற்பாடு செய்தோம். விலையை ஏற்றினோம். அந்தக் கடைக்காரரும் முணுமுணுக்காமல் கொடுத்தார்.

காட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. இவ்வளவுக்கும் மூலம் அந்தப் புல்வெளியும் சோலையும்தான். வெள்ளைக்காரன் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தைல மரமும் சீகை மரமும் புல்வெளிகளை விழுங்கிவிட்டன, எருமை மேய இடம் சுருங்கிவிட்டது என்று எல்லோரும் பேசுகிறோம். மேட்டுப்பாளையத்தை அடுத்த சிறுமுகையில் முன்பு ஒரு விஸ்கோஸ் ஆலை இருந்தது. அதற்கு மலையிலிருந்து தைல மரம் லாரி லாரியாக இறங்கியது. அந்த மரக்கூழில் இழுத்த ரேயான் நூலும், அதில் நெய்த சேலையும் எங்கே விற்றன? நம் கடைத் தெருவில்தான். அந்த ஆலை இன்று இல்லை. அந்த ரேயானில் லாபம் பார்த்தவர்கள் இருக்கிறோம். ஆகவே காட்டைக் காப்பது பற்றி மற்றவர்களுக்கு உபதேசம் செய்யும் அருகதை நமக்குக் குறைவு. எருமையை மேய்த்தே அறியாத பேத்திமார் இன்று கொம்பை எண்ணித் தைக்கிறார்கள் என்றால், அந்தக் கணக்கில் நம் பற்றும் ஒரு வரி இருக்கிறது.

சரி, பிரிண்டுக்கு வருவோம். நம் சங்க நண்பர் ஒருவரிடம் போர்வையைக் காட்டியபோது அவர் கேட்டது நியாயமான கேள்விதான். "சுற்றுலா வருகிறவன் ஐந்நூறு, அறுநூறுதான் செலவு செய்வான். அவனுக்கு அசலைக் காட்டினால் விலையைக் கேட்டுவிட்டு ஓடிவிடுவான். பிரிண்ட் விற்பதில் என்ன பாவம்?" பிரிண்ட் விற்பது பாவம் என்று நாமும் சொல்லவில்லை. நம் பிழைப்பில் பாதி பிரிண்ட்தான். பிரிண்டைப் பிரிண்ட் என்று விற்க வேண்டும் என்பதுதான் நம் கட்சி.

கணக்கைப் பாருங்கள். ஒரு முழுப் போர்வை வாரக்கணக்கில் வேலை வாங்கும். வீட்டு வேலை, மாட்டு வேலை போக மிச்ச நேரத்தில் தைத்து முடிக்க ஒரு பெண்ணுக்கு முப்பது முழு நாளுக்கான உழைப்பு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 400 ரூபாய் என்று போட்டாலும் கூலியே 12,000. துணியும் நூலும் தனி. பக்கத்துக் கடையில் அதே பெயரில் 600 ரூபாய்க்குத் தொங்கினால், வாடிக்கையாளர் 12,000 சொல்பவரைத்தான் திருடன் என்பார். போலி செய்யும் முதல் கெடுதல் இதுதான். அசலின் விலையைப் பொய்யாக்கிவிடுகிறது. பிறகு அந்தப் பெண் கூலியைக் குறைத்துக்கொள்வாள், அல்லது போர்வையை விட்டுவிட்டுக் கைப்பேசிப் பை, மேஜை விரிப்பு என்று சிறுசாகத் தைப்பாள், அல்லது ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கூலி வேலைக்குப் போவாள். சிறு சாமான் தைப்பதை நாம் குறை சொல்லவில்லை, அதுதான் இன்று அவர்களுக்குக் கையில் காசு கொடுக்கிறது. ஆனால் பெரிய போர்வையில் வரும் பட்டைகளை அவ்வளவு சிறிய பரப்பில் போட முடியாது. போடாத டிசைன் இரண்டு தலைமுறையில் மறந்து போகும்.

நம் ஊர்ப் பக்கத்திலேயே இதைப் பார்த்துவிட்டோம். பவானி ஜமுக்காளம் என்ற பெயரை வைத்துக்கொண்டு வெளியூர் விசைத்தறிச் சரக்கு வந்து இறங்கியபோது, விலை குறைவு என்று முதலில் எடுத்து விற்றவர்கள் ஈரோட்டுக் கடைக்காரர்களாகிய நாமேதான். குழித்தறியில் உட்கார்ந்தவர்களின் பிள்ளைகள் இன்று எங்கெங்கோ வேலைக்குப் போய்விட்டார்கள். பிற்பாடு குறியீடு வாங்கினோம், பாராட்டுக் கூட்டம் போட்டோம். தறி திரும்பவில்லை.

தோடர் எம்பிராய்டரிக்கும் 2013 இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சென்னை கிண்டியில் இருக்கும் பதிவகத்தில்தான் இந்தப் பதிவு நடக்கிறது. தோடர் நலவாழ்வுச் சங்கமும், கீஸ்டோன் அமைப்பும், அரசின் பூம்புகார் நிறுவனமும் சேர்ந்து வாங்கியது. பத்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டிய பதிவு இது. இது முக்கியமாகக் காப்பது பெயரை. அந்தப் பெயரைப் பொய்யாகப் போட்டு விற்றால் சிறைத் தண்டனையும் அபராதமும் சட்டத்தில் உண்டு. தயாரித்தவருக்கு மட்டுமல்ல, விற்பவருக்கும்தான். அதைப் பல கடைக்காரர்கள் அறியவில்லை. 'எனக்குத் தெரியாது, சப்ளை செய்தவன் சொன்னான்' என்று தப்பிக்க வேண்டுமானால், ஜாக்கிரதையாக விசாரித்துத்தான் வாங்கினேன் என்று காட்ட வேண்டும், யாரிடம் வாங்கினேன் என்ற விவரத்தைக் கொடுக்கவும் வேண்டும். பில் இல்லாமல் மூட்டையில் வாங்கிய சரக்குக்கு அந்தப் பாதுகாப்பு எங்கே இருக்கிறது?

பெயரைப் போடாமல் 'மலைவாசி டிசைன்', 'ஊட்டி பார்டர்' என்று போட்டு விற்கலாமே என்று கேட்கும் புத்திசாலிகளும் இருக்கிறார்கள். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறதா என்று வக்கீல்தான் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் என்ன நினைத்து வாங்குகிறார் என்று கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு வக்கீல் இல்லாமலே தெரியும்.

கடைக்காரர்கள் சோதிக்கும் வழி கஷ்டமானதல்ல. திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் பிரிண்ட். கீழ் நூல் தனி நிறமாகவோ சிக்கலாகவோ தெரிந்தால், அல்லது பின்னால் தாள்போல ஒட்டியிருந்தால், எம்பிராய்டரி மெஷின் வேலை. நிறம் அப்படியே எதிர்மாறாக, நீள நீளமான மிதப்பு இழையோடு இருந்தால் ஜக்கார்டு தறி. இரு பக்கமும் அதே உரு தெரிந்து, ஒரு பக்கம் கைக்கு முரடாகவும், இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் மயிரிழை வித்தியாசமும் இருந்தால் அது ஒருத்தி உட்கார்ந்து தைத்தது. கண்ணுக்குத் தெரியாத தப்பே இல்லாத சரக்கைக் கண்டால் சந்தேகப்படுங்கள். மற்ற வியாபாரத்தில் இதற்கு நேர் எதிராகத்தான் பார்ப்போம், என்ன செய்வது.

கடைசியாக, பணம் கொடுப்பது. இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும். சிறு, குறு தொழில் செய்பவர்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் ஏற்க மாட்டோம் என்று வருமான வரியில் விதி வந்ததும், 2024 மார்ச்சில் நம் தெருவே அல்லோலகல்லோலப்பட்டது. ஆடிட்டர் வீட்டு வாசலில் வரிசை நின்றது. எவ்வளவு நாள் அடுத்தவர் பணத்தில் வியாபாரம் செய்துகொண்டிருந்தோம் என்பது அன்று வெளிச்சமாயிற்று. மந்தில் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து தைக்கும் அம்மாள் உத்யம் பதிவு எண் போட்டு நமக்கு பில் அனுப்பப் போவதில்லை. அந்த விதி அவரைக் காப்பாற்றாது. "வைத்துவிட்டுப் போங்கள், விற்றால் தருகிறேன்" என்று சரக்கை வாங்கி ஆறு மாதம் கண்ணாடி அலமாரியில் தொங்கவிட்டு, வெயிலில் மங்கிய பிறகு திருப்பிக் கொடுக்கும் பழக்கம் மலையிலும் இருக்கிறது, கீழேயும் இருக்கிறது. மாதக்கணக்கில் கடன் சொல்ல அவர் நூற்பாலை அல்ல. கைவேலைச் சரக்கை ரொக்கத்துக்கு எடுக்க வசதி இல்லையென்றால் எடுக்க வேண்டாம். இரண்டே போர்வை எடுத்தாலும் பணத்தைக் கையில் கொடுத்து எடுப்பவரைத்தான் அவர்கள் நம்பி அடுத்த வேலையைத் தொடங்க முடியும்.

நம் கடையைப் பொறுத்தவரை மூன்று மாதமாக ஒரு காரியம் செய்து வருகிறோம். பிரிண்டிங் பட்டறைக்கு மேட்டி காடா போகும் ஒவ்வொரு பில்லிலும் 'இத்துணியில் அச்சிடப்படும் எதையும் தோடர் எம்பிராய்டரி என்ற பெயரில் விற்கக் கூடாது' என்று ரப்பர் ஸ்டாம்பு குத்திக் கொடுக்கிறோம். இரண்டு பார்ட்டிகள் சிரித்தார்கள். ஒருவர் ஆர்டரை நிறுத்திவிட்டு வேறு இடத்தில் எடுக்கிறார். மாதம் நாலு பேல் போயிற்று. பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். நம் தெருவில் இன்னும் பத்து, பன்னிரண்டு மேட்டி வியாபாரிகள் இருக்கிறார்கள். அவர்களும் இந்த ஸ்டாம்பைப் போட்டால் அந்தப் பார்ட்டி போவதற்கு இடம் இருக்காது. அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர மனுக் கொடுத்திருக்கிறோம். ஸ்டாம்புக்கான வாசகம் செயலாளரிடம் இருக்கிறது. வேண்டுவோர் வாங்கிக்கொள்ளலாம்.